சொல்லாமல் ஏற்றிய வாடகை

“வாடகை வீடுன்னா கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும்.” இந்தப் புத்திமதியைக் கேட்காமல் சென்னையில் யாரும் வாடகைக்குக் குடியிருந்துவிட முடியாது. வீட்டுக்காரர்கள் மட்டும் சொல்வதாக இருந்தால் இதற்கு மறுப்பு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவரவர் பையை அவரவர் காப்பது இயல்பு. ஆனால் புரோக்கர் சொல்கிறார். அலுவலக நண்பர் சொல்கிறார். ஒழுகும் சமையலறையில் வருடக்கணக்காகச் சமைக்கும் எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். என் அம்மாவும் சொன்னார். மழைத்தண்ணீருக்கு வாளி வைத்திருப்பவனிடம், தங்கள் வீட்டிலும் வாளி வைத்திருப்பவர்களே இதைச் சொல்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது.

அந்தத் தரப்பை அதன் பலம் குறையாமல் முதலில் வைத்துவிடுகிறேன். வீட்டை வாடகைக்கு விடும் பலர் ஒன்றும் ஜமீன்தார்கள் இல்லை. பி.எஃப். பணத்தைப் போட்டு மாடி எடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார்; மகள் கல்யாணக் கடனை வாடகையில் அடைப்பவராக இருப்பார். எண்பது லட்சம் பெறும் வீட்டுக்கு மாதம் 18,000 வந்தால் ஆண்டுக்கு மூன்று சதவீதம்கூடத் தேறாது. அந்தப் பணம் வங்கியில் கிடந்தால் இரண்டு மடங்கு வரும். கூரையில் ஒரு தடவை கை வைத்தால் இரண்டு மாத வாடகை காலி. குடியிருப்பவருக்கோ வீட்டின் மேல் பற்று கிடையாது. ஆணி அடிப்பார், குழாயை உடைப்பார், ஒரு நாள் போய்விடுவார். சொந்த வீட்டில் ஒழுகினால் மட்டும் மறுநாளே பார்த்துவிடுகிறோமா? கொத்தனார் கிடைக்க வேண்டும், வெயில் அடிக்க வேண்டும், கையில் காசு வேண்டும். இத்தனைக்கும் மேல், பிடிக்கவில்லையென்றால் வேறு வீடு பார்த்துப் போகலாம்; யாரும் கட்டிப்போடவில்லை. ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள், சின்ன வேலைகளை நீங்களே செய்துகொள்ளுங்கள், உறவு கெடாது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. என் கணக்கு என் கையில் இருப்பதால் அதை வைத்தே உரசிப் பார்க்கிறேன்.

2023 அக்டோபர் நடுவில், முதல் மழைக்கே உள் அறையின் சீலிங்கில் மின்விசிறியைச் சுற்றி ஈரம் பூத்தது. மொட்டைமாடியில் தட்டோடுகளின் இடுக்கில் பூச்சு போய்விட்டது என்று கொத்தனார் பார்த்துச் சொன்னார். 14,000 ரூபாய் ஆகும் என்றார். கோவையில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் படத்தோடு அனுப்பினேன். “பாக்கறேன் தம்பி” என்று பதில் வந்தது. பிறகு போன் எடுக்கப்படவில்லை. ஐந்தாம் தேதி மட்டும் விடியற்காலையிலேயே அவரிடமிருந்து செய்தி வந்துவிடும்: “வாடகை வரலையே?” ஆறாம் தேதி திருப்பிக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். நவம்பரில் அந்த அறையின் சுவிட்சைத் தொட்ட என் மகளுக்கு ஷாக் அடித்தது. அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திக் கதவைச் சாத்தினோம். டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல் மழையில், சாத்திய கதவுக்கு உள்ளே சீலிங் பூச்சு ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. கட்டில் இருந்த இடம் அது.

இனி மறுப்புகள்.

1. காலி செய்வதற்கு என்ன செலவாகும் என்று ‘காலி செய்யலாமே’ என்பவர்கள் என்றாவது கூட்டிப் பார்த்ததுண்டா? நான் கூட்டினேன். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, 18,000. பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் பிடிக்கும் ஒரு மாதம், இன்னொரு 18,000. வண்டிக்கும் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கும் 9,000. மொத்தம் 45,000. இது திரும்பி வராத பணம் மட்டும். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும். பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் பழைய அட்வான்ஸ் வரும், அதுவும் வந்தால். இப்போதெல்லாம் ஐந்து மாதம், ஆறு மாதம் என்று குறைந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு வாய்த்தது சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாதம். ஆக, இடையில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக் கைமாற்றாகப் புரட்ட வேண்டும். பிறகு பள்ளிக்கூட வேன், கேஸ், ரேஷன் கார்டு, ஆதார் முகவரி என்று தனியாக ஒரு படலம்.

இந்தப் புத்திமதியின் உண்மையான பொருள் அப்போதுதான் பிடிபட்டது. வீட்டுக்காரருக்கு 14,000 மிச்சமாக, நான் 45,000 செலவழிக்க வேண்டும். செலவழித்த பிறகும் ஒழுகல் அங்கேயே இருக்கும். புதிதாக அடித்த பெயின்ட்டுக்குப் பின்னால் அடுத்த குடும்பத்துக்காகக் காத்திருக்கும். ஒரு கடையில் அழுகிய பழம் விற்றால் அடுத்த கடைக்குப் போகலாம் என்கிறார்களே, அந்த நியாயம் இங்கே செல்லாது. கடை மாற நாலு எட்டு போதும். வீடு மாற இரண்டரை மாத வாடகை.

2. வாடகை வருமானம் குறைவு என்பது உண்மை. அதற்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம்? மூன்று சதவீதம் என்பது வாடகைக்காரர் குறைத்துக் கொடுத்ததால் வந்ததில்லை; வீட்டின் விலை வாடகையை விட வேகமாக ஏறியதால் வந்தது. விலை ஏறிய லாபம் முழுவதும் வீட்டுக்காரருக்கு. அதில் எனக்குப் பங்கு கேட்கவில்லை, கேட்பது முறையும் இல்லை. ஆனால் ஏறிய விலையை லாபத்தில் எழுதாமல், அதே விலையைக் காட்டி ‘வாடகை கட்டுப்படியாகவில்லை’ என்று நஷ்டத்தில் மட்டும் எழுதுவது என்ன கணக்கு?

அட்வான்ஸ் பணத்தை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. என் ஒரு லட்சத்து எண்பதாயிரம் அவரிடம் வட்டியில்லாமல் இருக்கிறது. வங்கி வைப்புக்கு ஆறரை சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 11,700 ரூபாய். இரண்டு வருட வட்டியில் தளத்தைச் சரிசெய்து, மீந்ததில் பெயின்ட்டும் அடிக்கலாம். ‘வாடகைக்கு இருக்கிறவன்’ என்று ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறார்களே, கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் நான் அவருக்குக் கடன் கொடுத்தவன். கடன் கொடுத்தவனை அனுசரித்துப் போகச் சொல்வது வேடிக்கை.

இன்னொன்று இருக்கிறது, வீட்டுக்காரர்கள் சபையில் பேசுவதில்லை. வீட்டு வாடகை வருமானத்தில், கட்டிய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை வருமானவரிச் சட்டம் அப்படியே கழித்துவிடுகிறது. பழுதுபார்ப்பு உள்ளிட்ட பராமரிப்புச் செலவுகளுக்கு ஈடாகத் தரும் கழிவு அது. பில் காட்ட வேண்டியதில்லை. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் கழிவு உண்டு. என் வீட்டின் வாடகைக்கு அது வருடம் 60,000 ரூபாய்க்கு மேல் வரும். வரி கட்டும் நிலையில் இல்லாத பெரியவருக்கு இதனால் பயன் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். வரி கட்டுபவர்களைப் பொறுத்தவரை, செய்யாத பழுதுவேலைக்கு அரசாங்கம் சலுகை தருகிறது. பழுதோடு குடியிருப்பவன் முழு வாடகை தருகிறான்.

3. “வீட்டைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க?” பார்த்தேன். மே மாதத்தில், புதுச் சுண்ணாம்பு மணத்தில், புரோக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், பத்து நிமிடம் பார்த்தேன். மே மாதத்தில் எந்தக் கூரையும் ஒழுகாது.

4. ‘சொந்த வீட்டிலும்தான் ஒழுகுகிறது’ என்பது இருப்பதிலேயே பலமான வாதம். எனக்கே ஒரு காலத்தில் இது சரியென்று பட்டது. ஊரில் எங்கள் ஓட்டு வீட்டில் ஒரு மூலை ஒழுகும். அப்பா வருடா வருடம் ‘அடுத்த சித்திரைக்குள்ள மாத்திடணும்’ என்பார். நாங்கள் யாரும் அவர்மேல் வழக்குப் போடவில்லை.

ஆனால் அங்கே தள்ளிப்போட்டவரும் நனைந்தவரும் ஒரே ஆள். ஓடு மாற்றும் காசில் எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினார். கட்டிய பிறகு அந்த மூலையில் தன் பாயை விரித்துக்கொண்டார். செலவா, ஈரமா என்று தராசில் வைத்துப் பார்த்தவர் இரண்டையும் சுமந்தார். வாடகை வீட்டில் தள்ளிப்போடுபவர் கோவையில் உலர்ந்த அறையில் தூங்குகிறார். நனைபவர் வேறொருவர். தள்ளிப்போடுவதால் வரும் நஷ்டம் தன் தலையில் விழாதபோது மனிதர் எவரும் தள்ளித்தான் போடுவார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அப்படித் தள்ளிப்போடுவதற்கு ‘அனுசரிப்பு’ என்று பெயர் சூட்டி, அதை நனைபவனின் பண்பாக மாற்றிவிட்டோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இதைப் பணமாகவே எழுதிப் பார்க்கலாம். இரண்டு படுக்கையறை என்று சொல்லி 18,000 வாங்குகிறார். ஒரு அறையைச் சாத்திவிட்டோம். எங்கள் தெருவில் ஒரு படுக்கையறை வீடு 12,000-க்குக் கிடைக்கிறது. ஆக, மாதம் 6,000 ரூபாய் கூடுதலாக, இல்லாத அறைக்குக் கொடுக்கிறேன். மூன்று மாதத்தில் 18,000. வாடகையை மாதம் 6,000 ஏற்றுகிறேன் என்று அவர் நேரில் வந்து கேட்டிருந்தால் தெருவே கூடி நியாயம் பேசியிருக்கும். ஒன்றும் சொல்லாமல், போனை எடுக்காமல் இருந்ததன் மூலம் அதே தொகையை ஏற்றிவிட்டார். தெரு என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது.

5. ‘வாடகைக்காரர்கள் வீட்டைப் பாழாக்குகிறார்கள்.’ சிலர் பாழாக்குகிறார்கள். குழாயில் வாஷர் தேய்ந்ததற்கும், கதவுப் பூட்டு மக்கர் செய்ததற்கும் வீட்டுக்காரரை ராத்திரி பத்து மணிக்கு எழுப்புகிறவர்களை எனக்கும் தெரியும். அவர்கள் செய்வது தவறு. அது என் கருத்தோ வீட்டுக்காரர் கருத்தோ அல்ல. சட்டத்திலேயே பிரித்து எழுதியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். குழாய், வாஷர், வாஷ்பேசின், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பிளக் பாயின்ட், ஜன்னல் கண்ணாடி, பூட்டு இவையெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுதுகள், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்கம்பி இணைப்புகள், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. குடியிருப்பவர் செய்த சேதத்தால் வந்த கட்டமைப்புப் பழுது மட்டும் விலக்கு.

வெள்ளையடிப்பது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கவனித்தீர்களா? ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை அது உரிமையாளர் வேலை. காலி செய்யும்போது ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இந்த ஊரில் ஏதோ இயற்கை விதி போல நடக்கிறது. பிடித்ததைக் கொண்டு நிஜமாகவே பெயின்ட் அடித்தார்களா என்று போய்ப் பார்த்தவர் உண்டா?

எப்படியிருந்தாலும் இந்தக் குற்றச்சாட்டு என் கூரைக்குப் பொருந்தாது. மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்கை நான் சுரண்டவில்லை. ஆணி அடிக்கிற ஊரார் எல்லாருக்கும் சேர்த்து நான் ஏன் நனைய வேண்டும்?

6. பழைய பயம் ஒன்று இருக்கிறது. அதற்கு மரியாதை கொடுத்தே பேச வேண்டும். 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கங்களில் வாடகைக்கு விட்டவர்கள் பட்ட பாடு கட்டுக்கதை இல்லை. சந்தை விலையோடு ஒட்டாத வாடகை, தலைமுறையாக நகராத குடித்தனம், கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில் தீர்ப்பு. அந்த வருமானத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரையைச் செப்பனிட யாராலும் முடிந்திருக்காது. செப்பனிடவில்லை, வீடுகள் இடிந்தன. சட்டத்தை இறுக்கினால் வீட்டைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று இன்றும் எச்சரிப்பவர்கள் இதைத்தான் நினைக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன என்பதையும் எடுத்துக் காட்டுவார்கள்.

சரி. ஆனால் அந்த வாதத்தின் தர்க்கம் என்ன? ‘வாடகை கட்டுப்படியாகவில்லை, அதனால் பழுது பார்க்கவில்லை.’ 2019-க்குப் பிறகு அந்த முதல் பாதி போய்விட்டது. வாடகை இன்று இருவரும் பேசி முடிப்பது, உயர்வும் ஒப்பந்தப்படி. காரணம் போன பிறகும் காரியம் தொடர்கிறது என்றால், சொல்லப்பட்ட காரணம் உண்மையான காரணம் இல்லை. தாத்தாவிடம் பதினைந்து ரூபாய் வாடகை கொடுத்தவர் மேல் இருந்த கோபத்தை, பேரன் பதினெட்டாயிரம் கொடுப்பவர் மேல் காட்டிக்கொண்டிருக்கிறார்.

7. கொத்தனார் கிடைக்கவில்லையாம். சீலிங்கை வந்து பார்த்து விலை சொன்னவர் யார்? அவர் எண்ணை நான்தான் அனுப்பியிருந்தேன்.

8. வீட்டுக்காரருக்கே கெடுதல் செய்யும் புத்திமதி இது. கடலோர ஊரின் காற்றில் உப்பு இருக்கிறது. தளத்தில் இறங்கும் நீர் கம்பியை அடைந்தால் துரு ஏறும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். கேட்ட இடத்துக்காகக் காங்கிரீட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். பூச்சு பெயர்வது அதன் பிறகுதான். அக்டோபரில் கொத்தனார் கேட்டது 14,000. டிசம்பரில் கம்பி தெரிந்த பிறகு, துருவைச் சுரண்டி, ரசாயனம் பூசி, மறுபடி பூச வேண்டும் என்று 31,000 கேட்டார். ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று எனக்குப் புத்தி சொன்ன அத்தனை பேரும் சேர்ந்து, ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் பணத்தில் 17,000 ரூபாயை மழையில் கரைத்திருக்கிறார்கள்.

எட்டையும் கேட்டுவிட்டு நண்பர் ஒருவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: “நியாயம் இருக்கலாம், செய்ய வழியில்லையே?” வழி இருக்கிறது. 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே, செய்ய வேண்டிய பழுதை உரிமையாளர் அறிவிப்புக்குப் பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2017 சட்டத்தின் 15-ம் பிரிவு அதையே தெளிவாக்குகிறது: உரிமையாளர் மறுத்தால் நீங்களே செய்து வாடகையில் பிடித்துக்கொள்ளலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. வசிக்கவே முடியாத நிலை என்றால், எழுத்தில் கேட்டும் செய்யாதபோது, 15 நாள் அறிவிப்பு கொடுத்து வெளியேறலாம். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்று 20-ம் பிரிவு சொல்கிறது.

இதனால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைப்பது நம் பழக்கம். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்பவர் எத்தனை பேரை நீங்கள் நேரில் அறிவீர்கள்? அதிலும் சங்கடம் இருக்கிறது: எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாக அதே சட்டம் ஏற்கிறது. தவறியது இருவரும், தெருவுக்கு வருவது ஒருவர். இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லிப் பேசலாம், அது உருப்படியான பேச்சு. வழியே இல்லை என்று வாளியை நகர்த்திக்கொண்டிருப்பது வேறு.

நான் ஜனவரியில் ஒரு கடிதம் எழுதினேன். கோபமாக எதுவும் எழுதவில்லை. பழுது என்ன, எந்தத் தேதியில் சொன்னேன், கொத்தனார் கேட்ட தொகை எவ்வளவு, 15-ம் பிரிவு என்ன சொல்கிறது, எந்த மாதத்திலிருந்து 9,000 பிடிப்பேன், அவ்வளவுதான். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டேன். ‘உறவு கெட்டுடும்டா’ என்றார் அம்மா. நான்காம் நாள் காலை போன் வந்தது. ஐந்தாம் தேதி இல்லை அன்று.

“தபால்லாம் எதுக்குத் தம்பி? ஒரு போன் பண்ணியிருந்தா வந்து பாத்திருப்பேனே” என்றார்.

என் போனில் அவர் பெயருக்கு நேரே, அக்டோபரிலிருந்து, எடுக்கப்படாத அழைப்புகள் இருபத்து மூன்று இருந்தன. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே கொத்தனார் இரண்டு ஆட்களோடு வந்தார். வேலை இரண்டரை நாள்தான்.